மஞ்சூரியன் வந்த வழி



திருமலையில் இறைச்சிக்கு இடமில்லை. மலையிறங்கித் திருப்பதி நகருக்குள் வந்தால், பொழுது சாய்ந்ததும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் அடுப்பு சீறும். முட்டை நூடுல்ஸ், சிக்கன் ஃப்ரைடு ரைஸ். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கோபி மஞ்சூரியன். சித்தூரிலும் அதே வாசனைதான். சைனீஸ் வோக் போன்ற தொடர் உணவகங்கள் இன்று பல நகரங்களில் கிளை பரப்புகின்றன. ஆனால் இந்த ருசியை நம் ஊர்களில் பழக்கியவர்கள் வண்டிக்கடை மாஸ்டர்களே. சோற்றை முன்கூட்டியே உதிரியாக வடித்து ஆறவைத்து, கோஸும் கேரட்டும் மெல்லிசாகச் சீவிவைத்து, பகலெல்லாம் உழைத்தால்தான் இரவில் ஐந்து நிமிடத்தில் தட்டு நம் கைக்கு வரும்.

இந்த மஞ்சூரியனைச் சீனாவில் தேடினால் கிடைக்காது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975-இல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் செய்து பார்த்தது அது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் வீட்டுத் தாளிப்பாகவே தொடங்கினார். கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றி, சோள மாவு கரைத்துவிட்டார். காரத்துக்குப் பேர்போன ஆந்திர நாக்கு இதை ஏற்றுக்கொண்டதில் என்ன வியப்பு!

அவருக்கும் முன்னோடிகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சீனர்கள் கொல்கத்தாவில் குடியேறினார்கள். உணவுப் பட்டியலில் ஹக்கா நூடுல்ஸ் என்று வாசிக்கிறோமே, அந்தச் சீனர்களில் ஒரு பிரிவினரான ஹக்கா மக்கள் அந்நகரின் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள். பிறகு அங்கேயே உணவகங்களும் திறந்தார்கள்.

1962-இல் சீனப் போர் மூண்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட, சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரைப் பிடித்து, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். சிலர் வெளியே வர ஆண்டுக்கணக்கானது. வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. ஏராளமானோர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். டொராண்டோவின் ஹக்கா உணவகங்களில் இன்றும் சில்லி சிக்கனும் மஞ்சூரியனும் கிடைக்கின்றன.

தேவ்லியில் அடைபட்டவர்களில் சிலர், இந்திய அரசு ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்று கோரிவருகிறார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.