பிலிமத்தலாவை முதல் பொத்துவில் வரை



அறுகம்பேக்கு அலைச்சறுக்கு விளையாட வருபவர்களின் கண் கடலை விட்டு அகலாது. கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தால் வேறொரு சுவாரசியம் இருக்கிறது. உல்லையிலும் பொத்துவிலிலும் பெரும்பாலோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். வடக்கே போனால் திருக்கோவிலும் தம்பிலுவிலும் தமிழ் ஊர்கள், அதைத் தாண்டினால் அக்கரைப்பற்று, நிந்தவூர், இடையில் காரைதீவு, பிறகு சாய்ந்தமருது, கல்முனை. தெற்கே பாணமையில் சிங்களவரும் தமிழரும் பல தலைமுறைகளாக மணம் முடித்துக் கலந்திருக்கிறார்கள். பத்தினித் தெய்வத்தின் சடங்குக்கு அங்கே இரு பகுதியாரும் ஒன்றாகவே நிற்பார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் முஸ்லிம்கள், 39 பேர் சிங்களவர், 17 பேர் தமிழர்.

இவர்களுக்குள் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இருவர் அளவில்தான். ஆனால் அந்தச் சிறு தொகைக்குள்ளும் இனம் பல. கல்முனையிலும் திருக்கோவில் பக்கத்திலும் தமிழ் மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் இருக்கிறார்கள். அம்பாறை நகர்ப் பக்கம் சிங்களம் பேசும் கிறிஸ்தவர்கள். இலங்கையில் பௌத்தர் என்றால் ஏறக்குறையச் சிங்களவர், இந்து என்றால் தமிழர். சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாக ஒரே மதத்தவராக இருப்பது கிறிஸ்தவத்தில் மட்டும்தான். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு ஏழளவில் இருக்கும் இந்தச் சமூகம்தான் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் கசப்பான பகுதியைச் சொல்லிவிடலாம். பிரிவு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, மிஷன் வரைபடத்திலேயே இருந்தது. 1814இல் மெதடிஸ்த மிஷனரிமார் காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு முடியுமுன், 1815 ஏப்ரலில், அங்கேயே இறந்தார். அவர் போட்ட அடித்தளத்தில் மட்டக்களப்பிலும் பின்னர் கல்முனையிலும் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் சிறுவயதில் ஆங்கிலம் படித்தது கல்முனை மெதடிஸ்த பாடசாலையில். பின்பு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில். ஆனால் அந்த மிஷன் தன் பணியை வட இலங்கை என்றும் தென்னிலங்கை என்றும் இரண்டு மாவட்டங்களாக நடத்தியது. ஒன்றில் தமிழ், மற்றதில் சிங்களம். நிர்வாகத்துக்கு அது வசதி. விளைவு, ஒரே திருச்சபையின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்தார்கள். ஆங்கிலம் படித்த சிலர் மட்டும் கொழும்பில் சந்தித்துக்கொண்டார்கள்.

கத்தோலிக்கரின் கதை வேறு மாதிரி. சிங்களவருக்கும் தமிழருக்கும் புரியாத இலத்தீன்தான் நெடுங்காலம் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது! இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை மக்கள் மொழிக்கு வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் 1956இன் தனிச் சிங்களச் சட்டம் நாட்டை ஏற்கெனவே மொழியால் பிளந்திருந்த நேரம் அது. பல பங்குகளில் காலையில் சிங்களப் பூசை, அது முடிந்து தமிழ்ப் பூசை என்றாயிற்று. ஒரு கூட்டம் வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும். வாசலில் ஒரு தலையசைப்போடு சரி.

ஒற்றுமையின் பெயரால் ஒரு மொழியே கரைந்துபோன இடமும் உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்தில் பழைய தலைமுறை மீனவக் கத்தோலிக்கர் பலர் தமிழ் பேசியவர்கள். பங்குப் பாடசாலைகளும் மறைக்கல்வியும் சிங்களத்துக்கு மாறியபோது பேரப்பிள்ளைகள் சிங்களவர் ஆனார்கள். 1940 முதல் 1972 வரை சிலாபம் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் சிங்களக் கல்வியை உறுதியாக ஆதரித்தவர். அங்கே இன்று மோதல் இல்லை, உண்மை. ஒரு பக்கம் மறைந்துவிட்டால் மோதல் எப்படி வரும்?

ஆகவே ஒரே கூரை போதாது, ஒரே மொழியாக்கிவிடுவதும் விடையல்ல. இரு மொழிக்காரரும் தத்தம் மொழியை விடாமல், ஒருவர் இல்லாமல் மற்றவர் செய்ய முடியாத வேலையில் இறங்கிய இடங்களில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அதில் முதலில் சொல்ல வேண்டியது கண்டிக்கு அருகிலுள்ள பிலிமத்தலாவை.

அங்கே 1963இல் இலங்கை இறையியல் கல்லூரி தொடங்கியது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து நிறுவியது. அதுவரை குருத்துவப் பயிற்சி என்றால் இந்தியாவுக்குப் போய் ஆங்கிலத்தில் படிப்பதுதான் வழமை. திரும்பி வருபவர் கிராமத்துச் சபையில் பிரசங்கம் செய்யும்போது தன் தாய்மொழியிலேயே தடுமாறுவார். புதிய கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கும் என்று முடிவாயிற்று. மொழியால் நாடு பிரிந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டு மொழிக்கும் சம இடம் தந்து ஒரே வளவில் ஒரு கல்லூரி. வகுப்பு மொழிவாரியாகப் பிரியும்; சாப்பாடும் ஜெபமும் வளவு வேலையும் ஒன்றாக நடக்கும். யாழ்ப்பாணத்து இளைஞனும் குருநாகல் கிராமத்து இளைஞனும் சில ஆண்டுகள் ஒரே விடுதியில் வாழ்ந்துவிட்டு ஊழியத்துக்குப் போவார்கள். பின்னாளில் கலவரம் வெடிக்கும்போது ‘அந்தப் பக்கத்தில்’ ஒரு முகம் தெரியும், கூப்பிட ஒரு பெயர் இருக்கும். மாநாட்டுத் தீர்மானங்களால் தர முடியாதது அது.

பெரிய திட்டங்கள் எல்லாம் அப்படிக் கைகூடவில்லை. பல சபைகளை ஒன்றாக்கி ஒரே இலங்கைத் திருச்சபை அமைக்கும் முயற்சி பல ஆண்டுகள் பேசப்பட்டு, 1972இல் நீதிமன்ற வழக்கில் சிக்கி நின்றுபோனது. கல்லூரி மட்டும் நிலைத்தது.

அடுத்து 1983. தமிழருக்கு எதிரான கறுப்பு யூலை வன்செயலுக்குப் பின் கிறிஸ்தவத் தலைவர்கள் பலர் பொதுவாக அமைதி வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அப்படிச் செய்யவில்லை. அவர் சிங்களவர். அவருடைய மறைமாவட்டத்தில் சிங்களக் கிராமத்தாரும் மலையகத் தோட்டத் தமிழரும் இருந்தனர். பாதிக்கப்பட்ட தமிழரைத் தேடிப் போய்ப் பார்த்தார். செப்டெம்பரில் தன் திருச்சபை முன் ஆற்றிய உரையில், சிங்களக் கிறிஸ்தவர்கள் இந்த வெட்கத்தில் தமக்குள்ள பங்கை ஏற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ஒக்டோபரில் காலமானார். ஆட்சியிலிருந்தோருக்கு நெருங்கிய குடும்பத்தில் பிறந்த ஒருவர் அதைச் சொன்னதற்கு ஒரு தனி எடை உண்டு. அவர் சொன்னதைச் சபைகள் முழுமனதோடு ஏற்றன என்று சொல்ல முடியாது.

வேறு சிலர் கொடுத்த விலை இன்னும் கடுமையானது. 1984 டிசம்பரில் மன்னார் முருங்கனில் கொல்லப்பட்ட மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் தமிழர். அவருடைய மனைவி சிங்களப் பெண். 1987 நவம்பரில், பொத்துவிலிலிருந்து மொனராகலை வழியாகப் போகும் பாதையில் உள்ள புத்தளைக்கு அருகே, சிங்கள அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ பூசை நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக்கொல்லப்பட்டார். ஏழைப் பௌத்தக் கிராமத்தவரோடு அவர்களில் ஒருவராய் வாழ்ந்தவர். 1988 ஜூனில் மட்டக்களப்பு புனித மரியாள் ஆலயப் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுடப்பட்டார். பிரஜைகள் குழுத் தலைவராக, காணாமற்போனோருக்காகக் குரல் கொடுத்தவர். பெர்னாண்டோ என்ற பெயரை மட்டும் கேட்டு அவர் சிங்களவரா தமிழரா என்று எவரும் சொல்லிவிட முடியாது. கரையோரக் கிறிஸ்தவத்தின் பழைய கலப்பு அந்தப் பெயர்களில் இன்னும் இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, தமிழ் முஸ்லிம் வன்செயல் கொழுந்துவிட்டெரிந்த நாட்களில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹீபர்ட் வந்து சேரவேயில்லை. கூடப் போன தமிழ்ப் பையனும்தான். ஹீபர்ட் தொழிற்பயிற்சிக் கூடத்தை நடத்தியவர், கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர்.

இவர்களில் எவரும் ஒற்றுமை என்ற தலைப்பில் கருத்தரங்கு நடத்தப் போய் இறக்கவில்லை. பாடசாலை, பங்கு, கடிதம் எழுதுதல், ஆட்களைத் தேடிப் போதல் என்று தத்தம் அன்றாட வேலையில் இருந்தவர்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலை. சுனாமியால் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இழப்பு இல்லை. அறுகம்பேப் பாலம் சேதமாகி உல்லை தனித்துப்போனது. மருதமுனையும் சாய்ந்தமருதும் கரையோர வீட்டு வரிசைகளை இழந்தன. மட்டக்களப்பு டச்சுபாரில் பறங்கிக் குடும்பங்கள் பல அழிந்தன. உள்நாட்டுச் சிங்களக் கிராமங்களிலிருந்து சமைத்த சோறு வந்தது. தென்னிலங்கைச் சபைகளிலிருந்து அரிசியும் உடுப்பும் லொறிகளில் வந்தன. கத்தோலிக்கரின் தேசிய அமைப்பான செடெக்கும், கிழக்கில் மக்கள் எகெட் என்றே அழைக்கும் அதன் கிளையும் வேலையில் இறங்கின. உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களும் இந்துக்களும். கொடுக்க வந்த சிங்களக் கிறிஸ்தவருக்கு இங்கே வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் தமிழ்க் கிறிஸ்தவர் தேவைப்பட்டார். தலையசைப்போடு நின்றிருந்தவர்கள் அரிசி மூட்டையின் இரு முனையையும் பிடித்தார்கள்.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. நிவாரணத்தோடு பிரசங்கத்தையும் சேர்த்துக் கொடுத்த சில குழுக்களால் சந்தேகம் வளர்ந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே ஜாதிக ஹெல உறுமய கட்சி மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெற்கின் கிராமங்களில் தாக்கப்பட்ட சிறு சபைகள் பெரும்பாலும் சிங்களச் சபைகள். அவற்றின் முறைப்பாடுகளைத் தொகுத்து வாதாடிய தேசிய சுவிசேஷக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளர் கொட்பிறி யோகராஜா, ஒரு தமிழர். போர் நடந்த நாட்டில் சிங்களப் போதகர் ஒருவர் உதவிக்குத் தமிழர் ஒருவரைத் தேடிப் போன இடம் அது. இதைப் பெரிதாக எவரும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய மூன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் சிங்களக் கத்தோலிக்கர், சீயோனில் தமிழ் சுவிசேஷ சபையார். ஒரே காலையில் இரு பகுதியாரும் ஒரே துக்கத்துக்குள் தள்ளப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்துக் கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில், குண்டுகளை வெடிக்கவைத்த இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் மறைவிடம் பிடிபட்டது. புதிதாக வந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள். இந்தக் கரையில் கிறிஸ்தவ ஒற்றுமையைப் பேசுகிறவர் முஸ்லிம் அயலவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. நீதி கேட்டு ஒவ்வொரு ஏப்ரலிலும் கொழும்பிலிருந்து குரல் எழும்பும்போது, மட்டக்களப்பின் பெயரும் அதே அழுத்தத்தோடு சொல்லப்படுகிறதா என்று நேயர்கள் கவனித்துப் பார்க்கலாம்.

இனி, சபைகளின் இன்றைய நிர்வாகத்தைப் பார்ப்போம். 2012இல் திருகோணமலையிலிருந்து பிரிந்து மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. மட்டக்களப்பு, அம்பாறை என இரண்டு நிர்வாக மாவட்டங்கள் அதற்குள் அடங்கும். அதாவது கல்முனைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் அம்பாறை நகரின் சிங்களக் கத்தோலிக்கருக்கும் ஆயர் ஒருவர்தான். மெதடிஸ்த மாநாடும் குருமாரை ஊர் விட்டு ஊர் மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் தமிழ்க் குரு தமிழ்ச் சபைக்கும் சிங்களக் குரு சிங்களச் சபைக்கும் போவதே பெரும்பாலும் வழமை. கல்முனைக்கும் அம்பாறை நகருக்கும் இடையில் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. இந்தப் பக்கத்துக் குரு அங்கே போய்ச் சிங்களத்தில் நோயாளியிடம் பேசவும், அந்தப் பக்கத்துக் குரு இங்கே வந்து தமிழில் மரண வீட்டில் ஜெபிக்கவும் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்பதை, அடுத்த முறை இடமாற்றப் பட்டியல் வரும்போது சபையார் கேட்கலாம்.