லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் கால்நடையாக

ஸ்விட்சர்லாந்து என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது, யுங்ஃபிரௌ சிகரத்தின் தோளருகே 3,454 மீட்டர் உயரத்தில், பனிக்கு நடுவே, 1912-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ரயில் நிலையமே. காலையில் இன்டர்லாக்கனில் வண்டியேறி, மேலே போய்ப் பனியைக் கையில் அள்ளிப் படம் பிடித்துக்கொண்டு, மாலைக்குள் விடுதி அறைக்கு வந்து சேர்ந்துவிடுகிறவர்கள், போகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே நழுவிப்போகும் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஒரு பகலேனும் நடந்து பாராமல் ஊர் திரும்புவது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

பூர்வகாலத்தில் பனியாறு ஒன்று மலையை அரைத்துக்கொண்டு இறங்கிய தடமே இந்தப் பள்ளத்தாக்கு. அதனால்தான் இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறை மதில்போல் நெட்டுக்குத்தாக நிற்க, நடுவே பசும்புல் விரித்த சமதரை கிடக்கிறது. மேலிருந்து வரும் ஓடைகளுக்குச் சரிந்து இறங்க வழியில்லாமையால், அவை அப்படியே அந்தரத்தில் குதித்துவிடுகின்றன. ஊரை ஒட்டியே விழும் ஸ்டௌப்பாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரமுடையது. அதன் ஜலத்தில் பெரும்பகுதி தரையைத் தொடுமுன் காற்றில் துகளாகிப் பறந்துவிடும். 1779-இல் இங்கு வந்த ஜெர்மானிய மகாகவி கதே, இவ்வருவியைக் கண்டு ஒரு கவிதையே இயற்றினார். சற்றுத் தெற்கே ட்ரூம்மல்பாக் என்ற அருவியோ நேர்மாறான சுபாவமுடையது. ஐகர், மோன்ஹ், யுங்ஃபிரௌ ஆகிய மூன்று மலைகளின் பனி உருகிய வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு, பாறையின் வயிற்றுக்குள்ளேயே சுழன்று இறங்கும் அது, பெருக்குக் காலத்தில் விநாடிக்கு 20,000 லிட்டர் வரை கொட்டுகிறது. அருகே நிற்பவரிடம் பேசுவதானாலும் கத்தித்தான் பேசவேண்டும்.

மதில்களின் உச்சியில் படிக்கட்டின் அகன்ற படிபோல் அமைந்த மேட்டில்தான் நாம் நாடிவந்த கிராமங்கள் இருக்கின்றன. மத்திய காலத்தில் தெற்கேயுள்ள லோட்ஷன்டால் பிரதேசத்திலிருந்து பனிமலை தாண்டி வந்து குடியேறியவர்களின் சந்ததியார் இங்கே வாழ்கிறார்கள். ரோப் காரில் க்ரூட்ஷால்ப் வரை ஏறிவிட்டால், அங்கிருந்து ம்யூரன் கிராமத்துக்குச் சிறு ரயில்பாதையை ஒட்டியே, அதிக ஏற்ற இறக்கமின்றி ஒரு நடைபாதை செல்கிறது. ஊசியிலை மரங்களின் நிழல் விலகுமிடமெல்லாம், பள்ளத்தாக்குக்கு அக்கரையில் அம்மூன்று சிகரங்களும் வரிசையாகக் கூடவே வருகின்றன. ம்யூரனில் மோட்டார் கார்களுக்கு இடமில்லை. ஆகவே மாட்டு மணியோசையும் கோடாலிச் சத்தமும் தடையின்றிக் காதில் விழும்.

வழிதவறுமோ என்ற பயம் வேண்டாம். சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை நிற்கிறது. அதில் தூரத்தைக் குறிக்காமல், நடப்பதற்காகும் நேரத்தையே குறித்திருப்பார்கள். அந்த நேரம் பிறந்தது முதல் மலையேறிய கால்களுக்குக் கணக்கிட்டதோ என்னவோ, நம் போன்றவர்கள் பாதியளவு கூட்டிக்கொள்வது நலம். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பாறையில் பட்டை தீட்டியிருந்தால், அப்பாதை செங்குத்தானது, உறுதியான பூட்ஸ் அவசியம் என்று பொருள். நடைபாதைகளைப் பேணுவதை அரசியல் சாசனத்திலேயே சேர்க்கும்படி 1979-இல் வாக்களித்த ஜனங்கள் இவர்கள். தேசமெங்கும் இத்தகைய பாதைகள் 65,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகின்றன.

ம்யூரனுக்குக் கீழே, 1,363 மீட்டர் உயரத்திலுள்ள கிம்மல்வால்ட் என் மனத்தைக் கவர்ந்த ஊர். கோடையில் பசுக்களை மேல்மலை மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டு, பனிக்காலத் தீவனத்துக்காகக் குடும்பம் முழுவதும் புல் அறுத்து உலர்த்துகிறது. யந்திரம் ஏறமுடியாத சரிவுகளில் இன்றும் நீண்ட பிடியுள்ள அரிவாளே உபயோகம். வீட்டு வாசலில் பாலாடைக்கட்டியை அடுக்கி, பக்கத்தில் காசுப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, வீட்டார் வயலுக்குப் போய்விடுகிறார்கள். எடுத்துக்கொள்பவர் விலையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். அந்தக் கட்டியும் ரொட்டியும் ஊற்றுத் தொட்டியின் குளிர்ந்த நீருமாகப் பசியாறியவனுக்குப் பெரிய ஹோட்டல் விருந்து ருசிக்காது.

ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை இங்கு நடப்பதற்கு ஏற்ற காலம். பிற்பகலில் திடீரென இடிமழை வருவதுண்டு. ஆகையால் அதிகாலையிலேயே புறப்படுங்கள். மேய்ச்சல் நிலங்களின் குறுக்கே செல்லும்போது, திறந்த வேலிக்கதவை மறவாமல் மூடிவிட்டுச் செல்லுங்கள்.