அவனுக்கும் ஒரு நிரை



ரவாங் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒழுங்கு தெரியும். விடியலில் பெரட்டு, பிறகு அவரவர் நிரை, பின்னர் பால் எடுப்பு, கடைசியில் நிறுவை. அடுத்தது என்ன என்று யாரும் திகைத்ததில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அந்த ஒழுங்குதான் தெம்பு. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் 1972இல் தொடங்கிய ‘டீச்’ திட்டம் இதையே வகுப்பறையில் அமைத்துக் காட்டியது.

படிக்க ஓர் இடம், விளையாட ஓர் இடம், மனம் கலங்கினால் ஒதுங்கி அமர அமைதியான ஒரு மூலை. அலமாரியோ பாயோ எல்லை காட்டினால் போதும். அன்றைய வேலைகளைப் படங்களாகச் சுவரில் வரிசைப்படுத்துங்கள். ஒரு வேலை முடிந்ததும் அதன் படத்தைப் பிள்ளையே எடுத்துக் கூடையில் போடட்டும். நாளை மாற்றம் உண்டென்றால் இன்றே காட்டிவிடுங்கள். சொல்லாமல் வரும் மாற்றம்தான் அவனை அலற வைக்கிறது. வீட்டிலும் இப்படியே செய்யலாம்.

பெற்றோர்களே, “அடங்காத பிள்ளை” என்று வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பலாகாது என்ற கொள்கையை மலேசியக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மருத்துவரிடம் காட்டுங்கள், சமூகநல இலாகாவில் பதியுங்கள், பள்ளிக்கூடப் படியேறிக் கேளுங்கள்.

அவனுக்கும் ஒரு நிரை உண்டு.