பன்னிரண்டு படம், ஒரு சுருள்

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அப்பா எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அதில்தான் கிடக்கின்றன. ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் நெல்வயல் தெரியும். வானம் கறுப்பாக இருக்கும். வரப்பில் நிற்கும் அத்தையின் கூந்தல் வெள்ளையாக இருக்கும்.

அப்பாவிடம் இருந்தது அக்ஃபா கிளிக் த்ரீ கேமரா. வதோதராவில் தயாரானது. வெயிலா, மேகமா என்று பார்த்துத் திருப்புவதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஒரு ரோலுக்கு 12 படம்தான். அதனால் விரலை அழுத்துமுன் பார்க்க வேண்டியிருந்தது: வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, யார் கண்ணை மூடுகிறார்கள் என்று. எண்ணிச் செலவழிக்கும் காசுபோல ஒவ்வொரு படத்தையும் அப்பா எடுத்தார். புகைப்படக் கலையின் முதல் பாடம் அந்தப் பொறுமை.

அந்தக் கேமராவுக்குள் போட்ட ஃபிலிம் நம் ஊட்டியில் பிறந்தது. பெயர் 'இந்து'. இந்து என்றால் நிலவு. நேரு தம் மகள் இந்திராவை அழைத்த பெயரும் அதுதான். மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்தியில் இறங்கியது. வேப்பம்பட்டிலிருந்து அரை மணி ரயில் தூரத்தில் உள்ள அம்பத்தூரிலும் அதற்கு ஒரு பிரிவு இருந்தது.

ஃபிலிம் செய்வது லேசான காரியமல்ல. வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, தலைமுடியைவிட மெல்லிய பூச்சாக, எங்கும் ஒரே சீராகப் பூச வேண்டும். தூசி ஒன்று விழுந்தால் ஒரு முகத்தில் புள்ளி விழும். குளிர்ந்த, தூசி குறைந்த மலைக்காற்று அதற்கு உதவியது. வெளிச்சம் பட்டால் பாழாகும் பொருள் என்பதால், பூச்சு வேலை இருட்டில்தான் நடக்கும். கண்ணுக்குப் பதில் கையையும் பழக்கத்தையும் நம்பி வேலை செய்தவர்கள் அவர்கள். ஊர் ஊராக ஸ்டூடியோ டார்க் ரூம்களில் டெவலப்பர், ஹைப்போ கரைசல்களில் கை நனைத்தவர்களும் அதே இருட்டின் பிள்ளைகள்தாம்.

டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போனது என்று சொல்கிறோம். ஊட்டியைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. டிஜிட்டல் கேமரா நம் கைக்கு வருமுன்பே அந்த ஆலை தள்ளாடத் தொடங்கிவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிமுக்காகக் கடன் வாங்கிப் பெரிய பாலியஸ்டர் ஆலை கட்டினார்கள். 1991இல் ரூபாயின் மதிப்பு குறைந்தது, செலவு ஏறியது. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டு ஃபிலிமுக்குக் கதவும் திறந்தது. பிறகு வட்டி மேல் வட்டி. நட்டக் கணக்கில் பெரும்பங்கு அந்த வட்டிதான். 2014இல், மிஞ்சியிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது.

இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் ஃபிலிம் நிறுவனமும் 2004இல் திவாலாகும் நிலைக்கு வந்தது. அதன் நிர்வாகிகள் சிலரே அதை வாங்கி, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த கறுப்பு வெள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் அங்கே ஃபிலிம் தயாராகிறது. உலகம் முழுதும் இளைஞர்கள் அதை வாங்குகிறார்கள். நம்மிடமும் அந்தக் கைத்திறன் இருந்தது. அதைச் சிறிய அளவிலாவது காப்பாற்றியிருக்க வேண்டும் என்பதே என் தீர்மானமான கருத்து.

ஆலையை இனி மீட்க முடியாது. ஆனால் அது செய்த ஃபிலிம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். நேயர்களே, அந்த நெகட்டிவ்களைக் குப்பையில் போடாதீர்கள். ஈரம், வெயில் படாத இடத்தில், ஒட்டாத காகித உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். ஸ்கேன் செய்த பிறகும் மூலத்தை வைத்திருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, உறையின் மேல் எழுதி வையுங்கள்.