வெப்பம் தெரிகிறது, ஆள் தெரிகிறதா?



காட்டுப் பன்றி வேட்டையைப் பற்றிப் பேச ஓர் அரங்கமா என்று பட்டணத்து நேயர்கள் சிரிக்கலாம். செமினிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். கொல்லையில் நட்ட மரவள்ளியை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போன பன்றியை அவர்களுக்குத் தெரியும். அண்மை ஆண்டுகளில் அந்தப் பன்றியைத் தேடி ஒரு புதிய கருவியும் வந்திருக்கிறது. இருட்டில் உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டும் வெப்பக் கேமரா. இணையத்தில் பார்க்கிறார்கள்: வெளிநாட்டில் ஒருவர் கும்மிருட்டில் நின்று, வெள்ளை வெள்ளையாக ஓடும் பன்றிகளை ஒவ்வொன்றாகச் சாய்க்கிறார். நம் ஊரிலும் இப்படிச் செய்தால் என்ன என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் தேட வேண்டும்.

முதலில் ஊரைப் பார்ப்போம். காஜாங்கில் இருந்து மந்தின், சிரம்பான் பக்கம் போகும் பழைய பெருஞ்சாலையில் இருக்கிறது செமினி. ஒரு காலத்தில் இரு புறமும் பால்மரம், பிறகு செம்பனை. ரிஞ்சிங் என்ற பெயரை இன்றைக்கு வீடமைப்புப் பகுதியின் பெயராகத்தான் பலர் அறிவார்கள். அது தோட்டத்தின் பெயர் என்பதை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்னும் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது. 2005-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் புரோகா சாலைப் பக்கம் வந்தது. அதைத் தொடர்ந்து வீடுகள், கடைகள், பெரிய பெரிய தாமான்கள். ஆனால் தோட்டம் முழுதும் மறைந்துவிடவில்லை. வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டுச் செம்பனை, அதற்கப்பால் ஒரு பழத்தோட்டம், அதற்கும் அப்பால் காடு. பன்றிக்கு இதைவிட வசதியான குடியிருப்பு உண்டா? பகலில் காட்டில் படுக்கை, இரவில் தோட்டத்தில் சாப்பாடு.

பன்றி ஏன் பெருகுகிறது என்பதற்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் பாசோ என்ற ஆய்வுக் காடு. நான்கு பக்கத்தில் பெரும்பகுதி செம்பனை சூழ்ந்த காடு அது. அங்கே 1996-இல் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 47 காட்டுப் பன்றிகள் என்று கணக்கு வந்தது. 1998-இல் 27. ஒரு காட்டுக்கு இது மிக மிக அதிகம். காரணம் இரண்டு. ஒன்று, புலியும் சிறுத்தையும் அங்கே இல்லாமல் போனது. மற்றொன்று, ஆண்டு முழுக்க உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழம். காட்டு மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பெருவாரியாகக் காய்க்கும். செம்பனைக்கு அந்த வழக்கம் இல்லை. அது தினமும் விருந்து வைக்கிறது.

விருந்து சாப்பிட்ட பன்றி சும்மா இருக்குமா? குட்டி போடும் முன் தாய்ப்பன்றி இளங்கன்றுகளைக் கடித்து ஒடித்துக் குவித்து, மெத்தை போல் கூடு கட்டும். நூற்றுக்கணக்கான கன்றுகள் ஒரு கூட்டுக்குப் போகும். பாசோவில் வேலி அடைத்துப் பன்றி நுழையாமல் காத்த இடங்களில், இரண்டே ஆண்டுகளில், வேலியில்லாத இடத்தைவிட மூன்று மடங்கு இளஞ்செடிகள் முளைத்தன. ஆகவே பன்றியால் தொல்லை இல்லை என்று சொல்வது உண்மையாகாது. மறுநடவு செய்த செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டால் அந்தக் கன்று அவ்வளவுதான். சிறு தோட்டக்காரருக்கு அது பல மாத உழைப்பு.

பன்றியோடு போராடுவது தமிழனுக்குப் புதிதும் இல்லை. தினைப்புனத்தில் இதணம் என்ற பரண் கட்டிக் காவல் இருந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. நற்றிணையில் ஒரு பன்றி வருகிறது. தினை மேய வந்த அது, பல்லி சொல்வதைக் கேட்டுச் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போய்விடுகிறது! இந்தக் காலத்துப் பன்றி பல்லிக்கெல்லாம் அஞ்சுவதாகத் தெரியவில்லை.

தோட்டப்புறங்களில் நாயும் ஈட்டியும் கொண்டு வேட்டைக்குப் போன தலைமுறையை இங்குள்ள மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். பிறகு வந்தது கம்பிச் சுருக்கு. மலிவு, சத்தம் இல்லை, ஆள் காவல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் சுருக்குக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. 1950-களில் இந்நாட்டுக் காடுகளில் 3,000 புலிகள் இருந்திருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவு. அதில் சுருக்குக் கம்பிக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னொரு பக்கம் பக்காக்கோக் எனப்படும் கள்ளத் துப்பாக்கி. அது சுடப்படுபவருக்கும் ஆபத்து, சுடுபவருக்கும் ஆபத்து.

இவற்றோடு ஒப்பிட்டால் வெப்பக் கேமரா நாகரிகமான கருவி போலத் தோன்றும். பார்த்துச் சுடுகிறார்கள், தப்பு நடக்காது என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பில்தான் கோளாறு இருக்கிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது? சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை வெளியிடுகிறது. அகச்சிவப்புக் கதிர் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் 1800-இல் கண்டறிந்தது. அந்தக் கதிரைப் படமாக்கும், குளிரூட்டத் தேவையில்லாத சிறிய உணரியை அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் ராணுவத்துக்காக ரகசியமாக உருவாக்கியது. 1992-இல் ரகசியம் நீங்கியது. பிறகு தீயணைப்பு வீரர் கைக்கும் மின்பணியாளர் கைக்கும் வந்து, கடைசியில் வேட்டைக்காரர் கைக்கும் வந்துவிட்டது. இருட்டில் பார்க்க உதவும் பழைய வகைக் கருவிக்கு நட்சத்திர ஒளியாவது வேண்டும். இதற்கு ஒளியே வேண்டாம். டார்ச் விளக்கைப் போலப் பன்றியை எச்சரிக்கவும் செய்யாது.

ஆனால் கருவி காட்டுவது சூட்டின் வேறுபாட்டைத்தான். குளிர்நாட்டில் இரவு உறைபனி. பன்றியின் உடல் சூடு பளிச்சென்று தெரியும். செமினியில் இரவிலும் 24, 25 பாகை. பகல் முழுக்க வெயில் குடித்த பாறையும் தார்ச்சாலையும் நெடுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். பெருமழை, மூடுபனி வந்தால் படம் மங்கும். சேற்றில் புரண்டு எழுந்த பன்றியின் தோல் ஈரத்தில் குளிர்ந்திருக்கும். அடர்ந்த இலையை ஊடுருவிப் பார்க்க இக்கருவியால் முடியாது. சாதாரண ஜன்னல் கண்ணாடியைக்கூட ஊடுருவாது.

இன்னும் ஒன்று முக்கியம். பெட்டியின் மேல் 1,000 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதன் பொருள் என்ன? அந்தத் தொலைவில் சூடான ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. 1958-இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஓர் அளவுகோல் வகுத்தார். இன்றும் அதுவே அடிப்படை. ஒன்று இருக்கிறது என்று கண்டுகொள்ள ஒரு பங்கு நுணுக்கம் போதும் என்றால், அது எந்த வகை என்று உணர நான்கு பங்கு வேண்டும். இன்னது என்று உறுதியாகச் சொல்ல ஆறு பங்குக்கு மேல் வேண்டும். அதாவது 1,000 மீட்டர் கருவியில் உருவத்தை உறுதி செய்ய ஏறத்தாழ 160 மீட்டருக்குள் வர வேண்டும். அதுவும் எத்தனை உறுதி? இரண்டு முறை பார்த்தால் ஒரு முறை சரியாகச் சொல்லும் அளவுக்கு. அந்த அளவுகோலே ஐம்பது விழுக்காட்டு வாய்ப்பை வைத்துப் போடப்பட்டது. துப்பாக்கிக் குதிரையில் விரல் வைத்திருப்பவருக்கு ஐம்பது விழுக்காடு போதுமா?

தாபிரை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைப் போர்வை போர்த்தியது போல இருக்கும். முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. பகலில் யாரும் அதைப் பன்றி என்று சொல்ல மாட்டார்கள். வெப்பக் கேமராவில் நிறம் இல்லை. அந்த வெள்ளைப் போர்வையே காணாமல் போய்விடும். தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தால் ஒரு பெரிய வெளிறிய உருவம், அவ்வளவுதான்.

தாபிரை விடுங்கள், மனிதர்? பால் வெட்டுபவர் விடியும் முன்பே மரத்தடிக்குப் போகிறார். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். தலையில் விளக்குக் கட்டி, குனிந்து, மரத்துக்கு மரம் நகர்கிறார். வெப்பக் கேமராவில் விளக்கின் ஒளி தெரியாது. குனிந்த முதுகின் சூடு தெரியும். பழத்தோட்டத்தில் குடிசை போட்டுத் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி நடு இரவில் வெளியே வருகிறார். டுரியான் பருவத்தில் பழம் விழும் சத்தம் கேட்டு இருட்டிலேயே பொறுக்கப் போகிறார்கள். புரோகா மலைக்கோ, சூரிய உதயம் பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்கே இளைஞர் கூட்டம் ஏறத் தொடங்கிவிடுகிறது. செமினியில் இரவு என்பது ஆளில்லாத நேரம் இல்லை.

2020 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டுத் தென்மேற்கில், தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞர் ஒருவரைக் காட்டுப் பன்றி என்று எண்ணி வேட்டைக்காரர் சுட்டார். இளைஞர் இறந்தார். அந்த நாட்டில் வேட்டைக்குத் தேர்வு உண்டு, உரிமம் உண்டு, காப்புறுதி உண்டு. இத்தனை இருந்தும் அது நடந்தது. வேட்டைப் பாதுகாப்பு பற்றி அந்நாட்டு மேலவையே விசாரிக்கும் அளவுக்கு விவகாரம் போயிற்று.

சரி, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் தாராளமாகச் சுடுகிறார்களே என்று கேட்கலாம். சுடுகிறார்கள். 2011-இல் ஹெலிகாப்டரில் இருந்து சுடவே சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் அங்கே பன்றி ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட வந்தேறி. இங்கே பன்றி மண்ணின் விலங்கு, புலியின் உணவு. அங்கே மைல் கணக்கில் தனியார் மேய்ச்சல் நிலம். இங்கே குண்டு தவறினால் அடுத்து இருப்பது யாரோ ஒருவரின் சமையலறைச் சுவர். வெப்பக் கேமரா பன்றியைக் காட்டும்போது அதன் பின்னால் இருக்கும் வேலியையும் வீட்டையும் மங்கலாகத்தான் காட்டுகிறது. எல்லாக் கவனமும் அந்த வெள்ளை உருவத்தின் மேலேயே போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காட்டுப் பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். வேட்டையாடப் பெர்ஹிலித்தான் இலாகாவின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீசாரின் உரிமம் தனி. ஒன்று இருப்பதால் மற்றொன்று வந்துவிடாது. 2022-இல் திருத்தப்பட்ட பிறகு வனவிலங்குக் குற்றங்களுக்கு உச்சகட்ட அபராதம் 10 லட்சம் வெள்ளி, சிறை 15 ஆண்டு வரை. உரிமமில்லாத துப்பாக்கி என்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை: 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. நண்பரின் துப்பாக்கியை ஓர் இரவுக்கு இரவல் வாங்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கிடையில் நிலைமையையே மாற்றிய இன்னொரு சங்கதி உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியானது. அதே ஆண்டு டிசம்பரில் மலாக்காவில், தீபகற்பத்துக்குள் நுழைந்தது. மனிதருக்கு ஒட்டாது. பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. பண்ணைப் பன்றியோடு காட்டுப் பன்றியும் மடிந்தது. பல காடுகளில் பன்றித் தடமே அரிதாகிவிட்டது. இரை குறைந்தால் புலி எங்கே போகும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஆக, ஓரிடத்தில் தொல்லை தரும் அளவுக்குப் பன்றி இருக்கிறது என்பதாலேயே நாடெங்கும் மலிந்து கிடக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வேட்டைக்குப் போகிறவர் இதில் நேரடியாகச் சம்பந்தப்படுகிறார். அந்தக் கிருமி ரத்தத்திலும் இறைச்சியிலும் நெடுநாள் உயிரோடு இருக்கும். உறைய வைத்த இறைச்சியிலும் சாகாது. வெட்டிய கத்தி, மிதித்த பூட்ஸ், ஏற்றி வந்த லோரியின் பின்பகுதி எல்லாமே அதைச் சுமந்து போகும். குடலை அங்கேயே எறிந்துவிட்டு, கறியை நாலு வீட்டுக்குப் பங்கு போட்டு, மறுநாள் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் நண்பரைப் பார்க்கப் போனால் போதும். காட்டில் செத்துக் கிடக்கும் பன்றியைக் கண்டால் தொடாமல் கால்நடை இலாகாவுக்கோ பெர்ஹிலித்தானுக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

அப்படியானால் வெப்பக் கேமராவையே வேண்டாம் என்று சொல்வதா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கியில் இருந்து அதைக் கழற்றிவிட்டால் அது அருமையான கருவி. வேலி எந்த இடத்தில் ஓட்டை, மந்தை எந்த வழியாக நுழைகிறது, எத்தனை குட்டி, எத்தனை மணிக்கு வருகிறது என்று சில இரவுகளில் கண்டுபிடித்துவிடலாம். டிரோனில் பொருத்தி மேலிருந்து எண்ணலாம். பன்றி வரும் வழி தெரிந்துவிட்டால் இளங்கன்று நட்ட பகுதிக்கு மட்டும் மின்வேலியோ பள்ளமோ போதும். அதற்கும் மேலே சுட்டே தீர வேண்டும் என்றால், இலாகாவின் அனுமதி பெற்றவர்கள், பகலில் நடந்து பார்த்த இடத்தில், பின்னால் மண்மேடு இருக்கும்படி நின்று, தோட்டத்து ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே 2025 ஜனவரியில் அரசு ஒரு முறை வகுத்து அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி இல்லை, தூரக் கணக்கு இருக்கிறது. குறை சொல்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். வனத்துறை வந்து சேர்வதற்குள் கடலைக் கொல்லை காலியாகிவிடும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பக்கத்து மாநிலமான கேரளாவில் 2020-இல் பன்றிக்கு வைத்ததாகச் சொல்லப்பட்ட வெடிப்பழத்தைக் கடித்து, கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றில் நின்றே இறந்ததையும் அவர்கள் மறக்கவில்லை.

செமினியில் இப்படி ஒரு தூரக் கணக்குப் போடுவது கடினம். காட்டுக்கும் தோட்டத்துக்கும் தாமானுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் எங்கே இருக்கிறது? சில இடங்களில் ஒரு வாய்க்கால்தான் எல்லை. ஆகவே ஊராட்சி மன்றமும் பெர்ஹிலித்தானும் தோட்ட நிர்வாகங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தச் சாலைக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியே கூடாது என்று வரைபடத்தில் கோடு போட வேண்டும். அந்த வரைபடத்தில் பால் வெட்டும் நிரைகளையும் மலையேறுபவர்களின் பாதையையும் தொழிலாளர் குடிசைகளையும் குறித்தாக வேண்டும். குடிசைகளை யாரும் குறிப்பதில்லை, அதனால்தான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமான் பக்கம் குப்பைத் தொட்டிக்கு மூடி, கொல்லைக்குத் தாழ்வான கம்பிவலை, இரவில் நாய்க்கு வைத்த சோற்றை வெளியே விட்டுவைக்காமல் இருப்பது, இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இன்று இரவே தொடங்கலாம்.