பழைய கிராமபோனைச் சரி செய்வது செலவுக்குத் தகுமா?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற பயிற்சியின்போது எங்கள் பள்ளிக் கிராமபோனைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். அதன்பின் மூன்று தலைமை ஆசிரியர்கள் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "எங்கள் பள்ளியிலும் ஒன்று கிடக்கிறது சார். சரி செய்யலாமா, கழிவு செய்துவிடலாமா?" இன்று அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். 1877இல் எடிசன் செய்தது போனோகிராஃப். உருளையின் மேல் தகரத்தாளைச் சுற்றி, அதில் ஊசி மேலும் கீழுமாகக் குத்திப் பதியும். பத்து ஆண்டு கழித்து எமில் பெர்லினர் கொண்டுவந்தது கிராமபோன். உருளைக்குப் பதில் தட்டு; ஊசி பக்கவாட்டில் அசையும். நம் ஊர்ப் பள்ளிகளிலும் பழைய வீடுகளிலும் கிடப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. அவற்றிலும் பெரிய குழல் வைத்தவை குறைவு. மூடினால் சூட்கேஸ் மாதிரி இருக்கும் கைப்பெட்டிக் கிராமபோன்தான் அதிகம். எங்கள் பள்ளியில் இருப்பதும் அதுவே. இருப்புப் பதிவேட்டில் "கிராமபோன் - 1" என்றும், எதிரே "பழுது" என்றும் ஆண்டுதோறும் எழுதி வந்திருக்கிறார்கள்.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் காட்டியபோது 14,000 ரூபாய் கேட்டார். பிரித்துச் சொல்லச் சொன்னோம். மெயின் ஸ்பிரிங்குக்கு 2,500, சவுண்ட் பாக்ஸுக்கு 1,500. மீதி 10,000 ரூபாயும் மேலுறை மாற்றுவதற்கும், கைப்பிடி, கொக்கிகளுக்கு நிக்கல் முலாம் பூசுவதற்கும், மரத்துக்கு மெருகேற்றுவதற்கும். அதாவது பாட வைப்பதற்கு 4,000, பளபளக்க வைப்பதற்கு 10,000. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பளபளப்புக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வராது. கைப்பெட்டிக் கிராமபோன்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. அரிய பொருள் அல்ல. செலவு செய்த தொகைக்கு விற்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதைவிட மோசம், புதிதாய் வாங்கும் "பழைய" கிராமபோன். மின்னும் பித்தளைக் குழல், புது மரப்பெட்டி, முன்புறம் நாய் படம் என்று கடைகளில் வைத்திருப்பார்கள். உள்ளே உடைந்துபோன ஏதோ ஒரு கைப்பெட்டியின் மோட்டார் இருக்கும். அது பழம்பொருளும் அல்ல, நல்ல கருவியும் அல்ல. பள்ளி விழாவில் மேசை மேல் வைக்கலாம், அவ்வளவுதான்.

பாட வைப்பது வேறு விஷயம். இங்கேதான் பார்த்துச் செலவு செய்ய வேண்டும். சாவிக் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். எவ்வளவு சுற்றினாலும் இறுக்கமே இல்லையென்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. இறுக்கம் ஏறியும் தட்டு சுழலவில்லையென்றால் பெரும்பாலும் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். இரண்டாவது வகைப் பழுதுக்கு மண்ணெண்ணெயும் புது கிரீஸும் பொறுமையும் போதும். எத்தனையோ கருவிகள் இந்த ஒரு காரணத்தால்தான் "பழுது" என்ற பெயரோடு மூலையில் கிடக்கின்றன.

ஸ்பிரிங் உருளையைத் திறக்கும் வேலையை மட்டும் நாம் செய்யக் கூடாது, மாணவர்களையும் செய்ய விடக் கூடாது. சில மீட்டர் நீள எஃகுப் பட்டை அதற்குள் சுருண்டு அடங்கியிருக்கிறது. தவறிச் சீறினால் கை கிழியும். எங்களுக்கு எங்கள் ஊர்க் கடிகாரக்காரர் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். ஸ்பிரிங்கும் கூலியும் சேர்த்து 2,500 ஆனது. சவுண்ட் பாக்ஸில் இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்ற 300, கிரீஸ், எண்ணெய் 200, ஊசிகள் 400. ஆக 3,400 ரூபாய். மேலுறை கிழிந்தபடியேதான் இருக்கிறது.

ஒரு பழுதுக்கு மட்டும் காசு போடாதீர்கள். அந்தக் காலத்தில் சில பாகங்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். காலப்போக்கில் அந்த உலோகம் உப்பி, மயிரிழை விரிசல்கள் ஓடி, பிஸ்கட் மாதிரி உதிரும். ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. டோன் ஆர்மிலோ சவுண்ட் பாக்ஸ் முதுகிலோ அப்படி விரிசல் தெரிந்தால், வேறொரு கருவியிலிருந்து அதே பாகம் கிடைக்கும்வரை கையை வைக்காமல் இருப்பதே நல்லது.

சரி, 3,400 ரூபாய்க்கு வகுப்பறையில் என்ன கிடைத்தது?

"ஒலி அதிர்வால் உண்டாகிறது" என்பதைக் காட்டத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கிராமபோனே தேவையில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் கீறல் விழுந்த தட்டு ஒன்று, நடுத்துளையில் ஒரு பென்சில், காகிதக் கூம்பு, அதன் நுனியில் ஒரு தையல் ஊசி. தட்டைக் கையால் சுழற்றி ஊசியை மெல்ல வைத்தால் குரல் வரும். கரகரவென்று வரும், ஆனால் வரும். ஐந்தாம் வகுப்புக்கு அது போதும்.

கருவி முழுதாக ஓடும்போது கிடைப்பது வேறு. எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அரை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினார்கள். 39 வர வேண்டும், நிமிடத்துக்கு 78. முதல் நாள் 36தான் வந்தது. பாட்டின் சுருதி ஒரு அரைச்சுரத்துக்கும் மேலே இறங்கிவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது இசை கற்கும் ஒரு மாணவி. எண்ணிக்கை பிறகுதான் வந்தது. அடுத்து, ஸ்பிரிங் தளரத் தளர வேகம் ஏன் குறைவதில்லை என்று கேட்டார்கள். கவர்னரைத் திறந்து காட்டினேன். வேகம் கூடினால் மூன்று சிறு குண்டுகள் வெளியே விரியும். அவை ஒரு தகட்டை இழுத்து கம்பளித் துண்டில் உரசவைக்கும், வேகம் அடங்கும். நிலையாற்றல், இயக்க ஆற்றல், வட்ட இயக்கம், உராய்வு நான்கையும் ஒரே பெட்டிக்குள் காட்டும் இன்னொரு கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. மின்சாரம் துளியும் இல்லாமல் ஓர் அறை முழுக்கக் கேட்கிறது என்பதை நம்ப மறுத்து, பேட்டரி எங்கே என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த மாணவர்களும் உண்டு.

வேதியியலுக்கும் இடம் இருக்கிறது. அந்தத் தட்டு பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரப்பது. அத்துடன் கல்மாவு கலந்திருப்பார்கள். கல்மாவு ஊசியைத் தேய்த்துக் காடியின் வடிவத்துக்குக் கொண்டுவரும். அதனால்தான் ஒரு பக்கம் முடிந்ததும் எஃகு ஊசியை எறிந்துவிட்டு வேறு ஊசி போட வேண்டும். தேய்ந்த ஊசியை மறுபடி வைத்தால் அதன் கூர்மையான ஓரங்கள் காடியை அரம்போல் அறுக்கும். ஒரு ஊசிக்குக் கணக்குப் பார்த்து ஒரு தட்டை அழித்தவர்கள் நம் தாத்தா காலத்திலும் நிறைய இருந்திருக்கிறார்கள்.

கிராமபோன் ஓடுகிறது என்று தெரிந்ததும் மாணவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த தட்டுகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். துணியில் சுற்றி, பழைய நாளிதழில் சுற்றி. அவற்றில் ஒன்று எஸ். ஜி. கிட்டப்பா பாடியது. கிட்டப்பா 1933இல், 27 வயதில் காலமானவர். திரைப்படத்தில் நடித்ததில்லை. அவர் குரலென்று இன்று நமக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டுகளில் உள்ளது மட்டுமே. கொண்டுவந்த பையன் "போடுங்க சார்" என்று நின்றான். நான் போடவில்லை. கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கும் மேலான எடையோடு காடியின் மேல் அழுத்துகிறது. மின்சாரப் பிளேயரின் ஊசி சில கிராம்தான் அழுத்தும். ஆகவே கிராமபோனில் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கொஞ்சம் அழிகிறது. அந்தத் தட்டை இலேசான ஊசி கொண்ட பிளேயர் வைத்திருக்கும் ஒரு சேகரிப்பாளரிடம் எடுத்துச் சென்று கணினியில் பதிவு செய்து வாங்கினோம். தட்டு பையன் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று, படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்ற குறிப்போடு. கிராமபோனில் போடுவதற்கென்று பல பிரதிகள் கிடைக்கும் சாதாரணத் தட்டுகள் நான்கைத் தனியே வைத்திருக்கிறோம்.

ஆக, கருவியைச் சரி செய்ததால்தான் தட்டுகள் வெளியே வந்தன. வந்தவற்றில் நல்லவற்றை அந்தக் கருவியில் போடவே கூடாது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். என் பார்வையில் 3,400 ரூபாயில் பெரும்பங்கு இதற்கே தகும். தமிழாசிரியர் அந்தப் பதிவை வைத்து நாடக மேடை பற்றி ஒரு பாடவேளை எடுத்தார். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் இடம் என்பதால் மணிக்கணக்காகப் பாடியவர்கள் எதையெல்லாம் விட்டிருப்பார்கள் என்று மாணவர்கள் பேசினார்கள். 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான் பாட்டு முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் சொல்வார். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அச்சாகி வந்தன, அங்குள்ளவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! இப்படி வரலாற்று ஆசிரியரும் உள்ளே வந்துவிட்டார்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டதையும் சொல்ல வேண்டும். "இந்தக் காசுல கழிப்பறைக் குழாயை மாத்தியிருக்கலாமே சார்?" நியாயமான கேள்வி. குழாய் ஒழுகும் பள்ளியில் பள்ளி மானியத்தைக் கிராமபோனுக்குத் தொடக்கூடாது என்பதே என் கருத்தும். எங்களுக்கு அந்தத் தொகையை முன்னாள் மாணவர்கள் இதற்கென்றே தந்தார்கள்; தலைமை ஆசிரியர் அதைக் கூட்டத்திலேயே படித்துக் காட்டினார். குழாய் அடுத்த வாரம் மானியத்தில் மாற்றப்பட்டது. அப்படித் தர ஆள் இல்லாத பள்ளி, கருவியைத் துடைத்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஈரமில்லாத இடத்தில் மூடி வைத்தால் போதும். தொண்ணூறு ஆண்டு காத்திருந்தது இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும். கழிவுப் பட்டியலில் மட்டும் சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். அதைச் சுற்றுவதற்கு முன் காகிதக் கூம்புகள் வரிசைக்கு ஒன்றாக வருகின்றன, தையல் ஊசி நுனியில் இருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள். கீறல் விழுந்த தட்டுகள் முன் மேசையில் உள்ளன. முதல் வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வரலாம்.