எழுதி வைத்தது கைவிடாது
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செல்போனில் ஆர்டர் போட்டு, காசு கட்டி, வந்த பொருள் சரியில்லை என்றால் என்ன செய்வது? அதைத்தான் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க. கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீங்க.

எங்கள் குழு ராசிபுரம் பக்கமுங்க. எங்கள் உறுப்பினர் ஒருத்தர் தையல் தொழில் செய்றாங்க. துணிக்கு ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் வேணும்னு குழுவில் 9,000 ரூபாய் உள்கடன் வாங்கினாங்க. செல்போனில் பார்த்து 8,900 ரூபாயை முன்னாடியே கட்டிட்டாங்க. வந்தது என்னவோ உள்ளங்கை அளவு விளையாட்டு மெஷின்.

மறுநாளே திருப்பி எடுத்துக்கச் சொல்லிக் கேட்டாங்க. "சரியான பொருள்தான் அனுப்பினோம்" என்று ஒரு வரி பதில், அதோடு புகாரை மூடிட்டாங்க. அப்புறம் இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு நம்பருக்குப் பேசினாங்க. எடுத்தவன், "பணம் வரணும்னா பின் நம்பரைப் போடுங்க" என்றிருக்கிறான். பக்கத்தில் இருந்த மகள் போனைப் பிடுங்கினதால் தப்பிச்சாங்க. பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லைங்க. பணம் போறதுக்குத்தான் அது.

அதுக்கப்புறம் பயத்தில் மூணு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. தவணை கட்ட வந்தப்போ, "மெஷின் எப்படி ஓடுதுங்க?" என்று கேட்டேன். அழுதுட்டாங்க. "வீட்டுக்காரர் திட்டுவாருங்க்கா, குழுவிலயும் என்னை ஏமாளின்னு சொல்வாங்க" என்றாங்க.

அன்றைக்கே அவங்க வீட்டுக்குப் போனேன். பார்சல் பெட்டி எங்கேன்னு கேட்டால், அதில் கோழிக்குஞ்சு விட்டிருக்காங்க! நல்லவேளை, மேலே ஒட்டின சீட்டு கிழியாமல் இருந்தது. அதில் பார்சலின் எடை ஒரு கிலோகூட இல்லை. ஓவர்லாக் மெஷினைத் தூக்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது என்ன கனம் என்று. அதையே சாட்சியாக வைத்துக்கொண்டோம்.

ஆர்டர் நம்பர், பணம் கட்டின விவரம், விளம்பரப் படம், வந்த பொருளின் படம், எடைச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, அந்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதினோம். 2020-இல் வந்த மின்வணிக விதிகள்படி, அந்த அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் நிறுவனமே வெளியிட வேணும். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததென்று சொல்ல வேணும், ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேணும். விளம்பரத்தில் காட்டினது ஒண்ணு, வந்தது ஒண்ணு என்றால், திருப்பி எடுக்க மாட்டோம்னு விற்றவர் சொல்லக்கூடாது.

மறுநாள் புகார் எண் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. மாசம் முடிந்ததும் 1915-க்குப் பேசினோம். அது தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். புகாரை எழுதிக்கொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினாங்க. அடுத்த வாரம் 8,900 ரூபாயும் கணக்கில் வந்து சேர்ந்தது.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை டெல்லியில் இருந்தாலும், நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசம். "தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்க வாங்கினவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் வருஷச் சட்டமே சொல்லுது.

ஒரு வித்தியாசம் ஞாபகம் வையுங்க. பொருளில் தகராறு என்றால் 1915. கணக்கிலிருந்து பணத்தைத் திருடிட்டாங்க என்றால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930.

எழுதி வைக்கிறது நமக்கொண்ணும் புதுசில்லை. 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கி, நாமக்கல் இன்னும் சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்திலேயே நம்ம பக்கமும் வந்துவிட்டது. அன்றிலிருந்து பத்து ரூபாய் சேமிப்பு என்றாலும் நோட்டில் ஏற்றுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். அதே பழக்கம்தான் இங்கேயும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. பெட்டியையும் சீட்டையும் பத்திரமாக வையுங்க. போனில் பேசினதோடு விடாமல் எழுத்தில் அனுப்புங்க.

பணம் வந்த பிறகும் அந்தத் தங்கச்சி அத்தனை நாள் வட்டியையும் சேர்த்துத்தான் கட்டினாங்க. குழு தள்ளுபடி செய்யறோம்னு சொன்னோம், ஒத்துக்கலை. "முதல் நாளே உங்ககிட்டச் சொல்லாமல் இருந்தது என் தப்புங்க்கா" என்றாங்க. எனக்கு அப்படித் தோணலைங்க. சொன்னால் சிரிப்பாங்க என்று ஒரு உறுப்பினர் பயந்தால், அந்தத் தப்பு குழுவுடையது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மாசக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும், "யாருக்காவது வாங்கின பொருளில் தகராறு இருக்கா?" என்று கேட்கணும். நீங்களும் உங்கள் குழுவில் கேளுங்க. முதலில் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. இரண்டாவது மாசம் ஒருத்தர் சொல்வாங்க.